நாற்று பச்சை பிடிக்கும் வரை

வயலில் நாற்று நடுவதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். நாற்றங்காலில் செழித்து நின்ற பயிரைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றை அலசி, முடி முடியாகக் கட்டி, வேற்று வயலில் நட்ட மறுநாள் சென்று பார்த்தால் அது துவண்டு கிடக்கும். தாள் வெளிறி மஞ்சளிக்கும். பயிர்த்தொழில் அறியாதவர் 'இது பிழைக்காது' என்று கைவிரிப்பர். உழவர் அவ்வாறு சொல்லார். 'இன்னும் பச்சை பிடிக்கவில்லை' என்பார். வாய்க்கால் நீரை அளவறிந்து கட்டுவார். ஒரு வாரமோ பத்து நாளோ பொறுத்திருப்பார். வேர் புதுமண்ணைப் பற்றியதும் பயிர் தானே தலைநிமிரும். துவண்டது நாற்றின் குற்றமன்று. நிமிர்ந்ததும் நாற்றின் திறத்தால் மட்டுமன்று.

கல்லூரியொன்றில் புதிதாய்ப் பணியேற்கும் ஆசிரியரும் இவ்வாறு பெயர்த்து நடப்பட்ட நாற்றே ஆவார். அவர் ஒரே நாளில் இருமுறை பெயர்க்கப்படுகிறார். நேற்றுவரை மாணவராய் அமர்ந்திருந்த பலகையிலிருந்து ஆசிரியரின் மேடைக்கு ஒருமுறை. பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து அறிமுகமில்லா ஊருக்கு மற்றொருமுறை. வகுப்பறையும் புதிது, வாழும் வீடும் புதிது. இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கி அவர் நிற்கும் முதல் ஆண்டில், நீர் கட்டிக் காக்க வேண்டிய நாம் வரப்பில் நின்று 'பயிர் எப்படி?' என்று மதிப்பெண் இட்டுக்கொண்டிருக்கிறோம். புதிய ஆசிரியரை வேரூன்றச் செய்வது கல்லூரிக்கும் ஊருக்கும் உரிய கூட்டுக் கடமை என்பதும், அக்கடமையில் நாம் தவறி வருகிறோம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கழற்குடமாய் நின்ற நாள்

பிறர் குறையைப் பேசுமுன் எம் குறையைச் சொல்லிவிடுதல் முறை. 2004-ஆம் ஆண்டு சூன் திங்களில், ஆய்வியல் நிறைஞர்ப் பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தென்கோடிப் பொருநைக் கரையிலிருந்து வடமாவட்டத் தோல் தொழில் ஊர் ஒன்றுக்கு யாம் பணியேற்கச் சென்றோம். இரவெல்லாம் தொடர்வண்டி. கையில் ஒரு தகரப் பெட்டி. உம்மா கட்டித் தந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் ஒரு பொட்டலம். 'போன ஊர்க்காரங்க மனசு நோக நடக்காதே வாப்பா' என்று வழியனுப்பிய சொல் ஒன்று.

கல்லூரியில் கால அட்டவணையை நீட்டினர். வாரத்திற்குப் பதினெட்டு மணி நேரம். நான்கு பிரிவுகளுக்குப் பகுதி ஒன்று தமிழ். எஞ்சியவை மூத்தோர் பலர் விரும்பாது விட்டுவைத்த இலக்கணத் தாள்கள். அன்றே நன்னூல் பொதுப்பாயிரம் நடத்தல் வேண்டும். ஐம்பது நிமிடத்திற்கென இரவெல்லாம் விழித்து எழுதிச் சென்ற குறிப்பு, இருபதே நிமிடத்தில் தீர்ந்தது. எஞ்சிய அரைமணி நேரத்தை என் செய்வதென்று அறியாது, எடுத்த வருகைப் பதிவையே மீண்டும் ஒருமுறை எடுத்தோம். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

நல்லாசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்ட பவணந்தி முனிவர், ஆசிரியர் ஆகாதாரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்காக வகுத்தார். கழற்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் காய்கள் வாரா. வாய்க்கு நேர்ப்பட்டது முதலில் விழும். அப்பாடத்தை நடத்திய எம் நிலையே அன்று கழற்குடத்தின் நிலைதான் என்பதை வகுப்பில் எவரும் சொல்லவில்லை. எமக்கே தெரிந்திருந்தது.

அதனினும் பெரிய பிழை ஒன்றும் அவ்வகுப்பில் நிகழ்ந்தது. பாடநூலைப் படிக்கச் சொன்னபோது, முன்வரிசை மாணவன் ஒருவன் 'கழற்குடம்' என்பதைக் 'கலற்குடம்' என்று படித்தான். வகுப்பு சிரித்தது. சிரிப்பைத் தடுக்க வேண்டிய யாம், எம் தடுமாற்றத்தை மறைக்க வாய்த்த வழியென்று கருதி, 'கழகம் உன் வாயில் கலகம் ஆகிவிடும் போலிருக்கிறதே!' என்று சொல்லி அச்சிரிப்பை வளர்த்தோம். அவன் வீட்டில் பேசுவது உருது என்பதையோ, அவ்வூரில் பலர்க்குத் தமிழ் பள்ளியில் பயின்ற மொழியே என்பதையோ யாம் அறியோம். அடுத்த ஒரு வாரம் அவன் தமிழ் வகுப்புக்கு வரவில்லை.

வீடு தேடிய மூன்று வாரங்கள்

வகுப்பறையில் இந்நிலை என்றால், வெளியில் விடுதி அறையே வாழ்விடம். நாள்தோறும் மாலையில் வீடு தேடும் பணி. 'எந்த ஊர்? குடும்பம் எப்போது வரும்? நிரந்தர வேலையா, சுயநிதியா?' எனக் கேட்பவர் அனைவரும் இறுதியில் வந்து நின்ற இடம் பத்து மாத வாடகை முன்பணம். எம் மாதச் சம்பளமோ நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். முதல் சம்பளமும் இன்னும் கைக்கு வரவில்லை. துறையில் எவரும் தீயவர் அல்லர். எல்லோரும் 'வீடு கிடைத்ததா?' என்று அன்போடு கேட்டனர். கேட்டுவிட்டுத் தத்தம் வீட்டிற்குச் சென்றனர்.

வீடு பார்த்துத் தந்தவர் கல்லூரியின் அலுவலக உதவியாளர் ஒருவர். அவர் எம்மைத் தம் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்த்தி, ஊரார் 'நானிமா' என்றழைத்த மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். இரண்டு அறை, சிறு முற்றம், தெருவாசலில் சாக்குத் திரை. 'வாத்தியாரா? பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவரிடம் என்ன முன்பணம்?' என்று உருதுவில் அம்மூதாட்டி கேட்டதை அவர் தமிழில் பெயர்த்துச் சொன்னார். ஆயினும் வற்புறுத்தி இரு மாத வாடகையைக் கொடுத்தோம். அன்று அவ்வுதவியாளர் செய்தது அவருடைய பணிப்பட்டியலில் எழுதப்படாத வேலை. ஆனால், அக்கல்லூரி எமக்குச் செய்த உதவிகளுள் அதனினும் பெரியது வேறில்லை.

இரு திங்கள் கழித்து எம் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் வந்து சேர்ந்தனர். உருது ஒரு சொல்லும் அறியாத எம் மனைவிக்கும், தமிழ் அரைகுறையாய் அறிந்த தெருப் பெண்களுக்கும் இடையே முதலில் நடந்தது பாத்திரப் போக்குவரத்தே. இங்கிருந்து ஆப்பமும் தேங்காய்ப்பாலும் சென்றால், அங்கிருந்து கத்தரிக்காய்ப் பச்சடி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இரு ஊரிலும் இல்லாமற் போனது நன்மையாயிற்று.

திண்ணையில் கற்ற பாடம்

ஒருநாள் மாலை, புதிதாய்க் கற்ற உருதுவைச் சோதித்துப் பார்க்கும் ஆவலில், 'உணவு முடிந்ததா?' என்று நானிமாவிடம் கேட்கக் கருதி, 'கானா ஆயிற்றா?' என்னும் பொருள்பட வினவினோம். திண்ணையில் இருந்த சிறுவர்கள் உருண்டு சிரித்தனர். உணவைக் குறிக்கும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'கானா'வே; உருது பேசும் நாவிலோ அவை இரண்டு. முதலதற்கு மூச்சு வேண்டும். அஃது எம் நாவில் இல்லை. 'பாட்டு முடிந்ததா?' என்று எண்பது அகவை மூதாட்டியை யாம் கேட்டுவிட்டோம்!

சிரித்த கூட்டத்தில் சிரிக்காத ஒருவன் இருந்தான். அவன் நானிமாவின் மகள்வழிப் பேரன். 'கலற்குடம்' படித்த அதே மாணவன். எழுந்து அருகில் வந்தான். எம் உள்ளங்கையை எம் வாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னான். 'சொல்லும்போது மூச்சு கையில் படவேண்டும் சார்' என்றான். நான்காம் முறையில் மூச்சு கையில் பட்டது. அவன் தலையசைத்தான். அவ்வளவே. எம்மை அவன் கேலி செய்திருக்கலாம். செய்யும் உரிமையும் அவனுக்கு இருந்தது. செய்யவில்லை.

மறுநாள் வகுப்பில், முதல் நாள் சொன்ன சொல்லுக்காக அனைவர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தோம். அதன்பின் மாலைதோறும் திண்ணையில் அவனுக்கு ழகரம், எமக்கு மூச்சொலி. நாவின் நுனியை எவ்வாறு உள்வளைப்பது என்பதை இலக்கண நூலில் ஒரு வரியில் படித்துத் தேர்வெழுதிய யாம், அதனை ஒரு மாணவனுக்குக் கற்பிக்க எத்தனை மாலை வேண்டும் என்பதை அத்திண்ணையில்தான் அறிந்தோம். அவன் இன்று காலணி உதிரிப்பொருள் கடை வைத்திருக்கிறான். ஆண்டுதோறும் நோன்புப் பெருநாளன்று தொலைபேசியில் அழைத்துப் 'பெருநாள் வாழ்த்துகள்' என்கிறான். அதிலுள்ள ழகரத்தை வேண்டுமென்றே சற்று நீட்டிச் சொல்வான்.

இதனை எதற்காகச் சொல்கிறோம்? எம்மை ஆசிரியராக்கியது பட்டமன்று; அவ்வீடு. அத்தெருவில் வாழ்ந்திராவிடில் அவ்வகுப்பை யாம் ஒருநாளும் அறிந்திருக்க மாட்டோம். வீடு வேறு, வகுப்பறை வேறு என்று எண்ணுவது பிழை. புதிய ஆசிரியர்க்கு வீடு அமைவதும் வகுப்பு அமைவதும் ஒரே வேரின் இரு கிளைகள்.

முன்னோர் காட்டிய நெறி

தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து அகவை நிரம்பும் தறுவாய். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வாழ்ந்த அவர், ஆங்கிலக் கல்வி முறையில் இயங்கிய கல்லூரியினுள் அடியெடுத்து வைத்தார். அவரை அவ்விடத்தில் நட்டவர் தியாகராசச் செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமக்குப் பின்னர்ப் பயின்ற அவ்விளைஞரை, ஓய்வுபெறும் செட்டியார் தம் இடத்திற்குத் தாமே பரிந்துரைத்தார். 'என் இடத்தை எவரேனும் நிரப்பிக்கொள்ளட்டும்' என்று போய்விடவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலேயே சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் கண்டதும், அச்சந்திப்பு சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு வித்தானதும், 1887-இல் அந்நூல் வெளிவந்ததும் நாம் அறிந்தவை. நன்கு நடப்பட்ட ஒரு நாற்று தமிழுக்கே களஞ்சியம் நிறைத்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யத்ரிப் நகருக்கு அனுப்பிய ஆசிரியர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களைக் காண்கிறோம். 621-ஆம் ஆண்டின் முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின்னர், குர்ஆனைக் கற்பிக்க அவர் அனுப்பப்பட்டார். புது ஊர், புதுப் பணி. அவர் தங்கியது அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில். அஸ்அத் அவர்கள் இடம் மட்டும் கொடுத்து அமையவில்லை. சினத்தோடு வந்த குலத்தலைவரைத் தொலைவில் கண்டதும், 'இவர் தம் மக்களின் தலைவர்' என்று புதிய ஆசிரியர்க்கு முன்கூட்டியே எடுத்துரைத்தார். முஸ்அப் அவர்கள் வந்தவரை அமரச் செய்து, கேட்டுப் பார்த்து விரும்பினால் ஏற்கவும், விரும்பாவிடில் நிறுத்திவிடுகிறோம் என்றும் பணிவோடு கூறினார். மறு ஆண்டு எழுபதுக்கும் மேற்பட்டோர் உடன்படிக்கைக்கு வந்தனர். ஆசிரியரின் பண்பு பெரிது. அவருக்கு வீடும் வழிகாட்டலும் ஒருங்கே தந்தவரின் பண்பும் அதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

நம் காலத்திலும் சான்றுண்டு. இலங்கைப் பாணந்துறையில் 1922-இல் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ், 1979-இல் கடல் கடந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற்கு இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராய் வந்தார். ஐம்பதைக் கடந்த அகவையில் புதிய ஊரில் வேரூன்றிய அவர், இங்கிருந்த அறிஞர் பீ.மு. அஜ்மல்கானோடு இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாய் எழுதினார். உடன் நின்று உழைப்பார் இருந்தமையால், பிறந்த மண்ணை நீங்கியவர் வந்த மண்ணில் பெரும்பணி ஆற்ற இயன்றது.

விதி உண்டு, வழி இல்லை

பள்ளியாசிரியர் ஆக விரும்புபவர் கல்வியியல் பட்டம் பயில வேண்டும். பட்டம் பெறுமுன் பள்ளிகளில் பயிற்சிப் பாடம் நடத்தல் வேண்டும். அதனை மூத்த ஆசிரியர் கடைசி இருக்கையில் அமர்ந்து கவனித்தல் வேண்டும். கல்லூரி ஆசிரியர்க்கோ அத்தகைய முன்பயிற்சி ஏதும் கட்டாயமில்லை. ஆய்வேடு எழுதத் தெரிந்தவர்க்குப் பாடம் நடத்தவும் தெரியும் என்று நாம் கொண்டோம். யாம் பெற்ற நிறைஞர்ப் பட்டம் 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளோடு விடைபெற்றுவிட்டது. அது இருந்த காலத்திலும் வகுப்பில் எவ்வாறு நிற்பது என்பதை எமக்குக் கற்பித்ததில்லை.

இக்குறையை நீக்கவே 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தோன்றின. நான்கு வாரப் புத்தொளிப் பயிற்சி வந்தது. 2019-இல் 'குரு தக்ஷதா' என்னும் பெயரில் புதிய ஆசிரியர்க்கான ஒரு மாத அறிமுகப் பயிற்சித் திட்டத்தை மானியக்குழு வகுத்தது. இவை நல்லவை. ஆயினும் பணியேற்றுப் பல திங்கள், சிலர்க்குச் சில ஆண்டுகள், கழிந்த பின்னரே இப்பயிற்சி வாய்க்கிறது. பயிர் வாடிய பின் வரும் நீர் அது. அவ்வாறே, உதவிப் பேராசிரியர்க்கு வாரத்திற்குப் பதினாறு மணி நேர நேரடிக் கற்பித்தல் என 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. முதல் ஆண்டு ஆசிரியர்க்கும் இருபதாம் ஆண்டு ஆசிரியர்க்கும் அப்பதவியில் அளவு ஒன்றே. இருபதாண்டு நடத்தியவர் பதினாறு மணி நேரத்திற்குப் பழைய குறிப்பைப் புரட்டினால் போதும்; புதியவர் ஒவ்வொரு மணிக்கும் மூன்று மணி நேரம் படித்தாக வேண்டும். அதற்குமேல் விடுதிக் கண்காணிப்பு, விழாப் பொறுப்பு, மலர்ப் பணி அனைத்தும் 'இளையவர்தானே' என்று அவர் தலையில் ஏறுகின்றன. அளவை ஒன்றாயினும் சுமை ஒன்றன்று.

வீட்டைப் பொறுத்தவரையிலும் சட்டம் வாயளவில் துணை நிற்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. 'வேறு உடன்பாடு' என்னும் சந்தில் பத்து மாதம் இன்றும் நுழைந்துகொண்டிருக்கிறது.

நம் தெருவின் கதவு

இனிச் சொல்வது நம் பெரியோர்க்குச் சற்று வருத்தம் தரக்கூடும். எமக்கும் வருத்தம் தருவதே.

சில ஆண்டுகளுக்கு முன்பு யாம் பணியாற்றும் துறைக்கு இளம் ஆசிரியை ஒருவர் வந்தார். பிற சமயத்தவர், திறமுடையவர், சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்கு ஒதுக்கிய தாள்கள் யாம் விரும்பாது தள்ளியவை. எமக்கு முன்னர் நிகழ்ந்ததை யாமே அவருக்குச் செய்தோம் என்பது அப்போது தோன்றவில்லை. கல்லூரிக்கு அண்மையில் வீடு வேண்டும் என்று அவர் கேட்டார். இரண்டு வீட்டுக்காரரிடம் சொன்னோம். ஒருவர், 'தனியாய் இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை' என்றார். மற்றவர், 'தவறாக நினைக்காதீர்கள், நம் ஆட்களுக்குத்தான் விடுவது வழக்கம்' என்றார். மூன்றாம் வீட்டை யாம் தேடவில்லை. அவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்தார். முதல் மணிக்குச் சில நாள் காலந்தாழ்ந்தார். அதற்காகக் குறிப்பாணை பெற்றார். ஆண்டிறுதியில் விலகிச் சென்றார். வழியனுப்பு விழாவில் அவர் எவரையும் குறைகூறவில்லை. 'இந்த ஊரை எனக்குத் தெரியவே இல்லை' என்று மட்டும் சொன்னார்.

பெருநகரங்களில் நம் இளைஞர் வீடு தேடிச் செல்லும்போது, பெயரைக் கேட்டதும் 'வீடு முடிந்துவிட்டது' என்று சொல்லப்படும் துயரை நாம் அறிவோம். அதனை மேடைதோறும் பேசுகிறோம், பேசுவதும் முறையே. ஆனால், நம் பிள்ளைகளுக்கு அறிவு கொடுக்க வந்தவர்க்கு நம் தெருவில் கதவு திறவாத நாளில், அப்பேச்சுக்கு வலிமை எங்கிருந்து வரும்? 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியைத் தோற்றுவித்தவர்களும், அதற்கு முன் 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியைக் கண்டவர்களும், எல்லாச் சமயத்து மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். கல்லூரியின் கதவு திறந்திருந்து தெருவின் கதவு மூடியிருத்தல் பொருத்தமன்று.

மறுப்புரைகளும் விடைகளும்

'நாங்களும் இப்படித்தான் துன்புற்று வந்தோம். துன்பமே ஆசிரியரை உருவாக்கும்' என்பர் சிலர். துன்புற்றும் நிலைத்தவர்களே இதனைச் சொல்ல இங்கு இருக்கிறார்கள். நிலைக்க முடியாமல் சென்றவர்களின் சொல் நம் செவிக்கு எட்டுவதில்லை. மேலும், அத்துன்பத்தின் விலையை ஆசிரியர் மட்டும் கொடுப்பதில்லை. எம் முதல் வகுப்பில் தலைகுனிந்த அம்மாணவனும் கொடுத்தான்.

'எவ்வளவு செய்தாலும் அரசுப்பணி கிடைத்ததும் போய்விடுவார்கள்' என்பர் வேறு சிலர். போகட்டும். இருக்கும் மூன்றாண்டும் நன்றாய் நடத்திச் சென்றால் அம்மூன்றாண்டு மாணவர்க்கு அதுவே முழுக் கல்வி. பட்டப் படிப்பின் காலமும் மூன்றாண்டுதான் அல்லவா?

'நிர்வாகத்திற்கு நிதி ஏது?' என்பதும் ஒரு வினா. யாம் வேண்டுவனவற்றுள் பெரும்பாலானவை நிதி வேண்டாதவை.

செய்யத் தக்கன

முதலாவது, முதல் பருவத்தில் புதிய ஆசிரியர்க்குப் பாட மணிகளைக் குறைத்தல் வேண்டும். விதி இடந்தராவிடில், ஒரே தாளை இரு பிரிவுகளுக்கு ஒதுக்கித் தயாரிப்புச் சுமையையேனும் குறைக்கலாம். விழா, விடுதிப் பொறுப்புகளை முதல் ஆண்டில் தவிர்க்கலாம்.

இரண்டாவது, ஓராண்டுக்கு ஒரு மூத்த ஆசிரியர் துணை நிற்க வேண்டும். புதியவர் மூத்தவர் வகுப்பில் அமரட்டும். மூத்தவர் புதியவர் வகுப்பில் அமரட்டும். கண்டதைத் தனியே பேசுக; முதல்வர்க்கு அறிக்கை எழுதற்க.

மூன்றாவது, முன்பணத்திற்கும் முதல் சம்பளம் வரும்வரைச் செலவுக்கும் வட்டியில்லா அழகிய கடன் வழங்க ஒரு சிறு நிதியை நிர்வாகமும் ஜமாஅத்தும் இணைந்து அமைக்கலாம். உதவிபெறும் பணியிடங்களில் ஒப்புதல் தாழ்ந்து சம்பளம் பல திங்கள் நிற்பதுண்டு. சுயநிதிப் பிரிவில் சம்பளமே சிறிது. இருவர்க்கும் இது கைகொடுக்கும். சிறுகச் சிறுகத் திரும்பி வரும் பணமே அது.

நான்காவது, ஊர்ப் பெரியோர் வாடகைக்கு விடத்தக்க வீடுகளின் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் மே திங்களில் கல்லூரி அலுவலகத்தில் தர வேண்டும். அதில் 'நம் ஆட்களுக்கு மட்டும்' என்னும் குறிப்பு இருத்தலாகாது.

புதிய ஆசிரியர்க்கும் ஒரு சொல். வெள்ளி மாலை வண்டி ஏறித் திங்கள் காலை வந்திறங்கும் ஆசிரியராய் இருந்துவிடாதீர்கள். சந்தைக்குச் செல்லுங்கள், மாணவர் வீட்டுத் துயரிலும் மணவிழாவிலும் நில்லுங்கள், அவர்கள் பேசும் சொல்லில் நான்கைக் கற்றுக்கொள்ளுங்கள். பிழையாய்ச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகுங்கள். கற்பவரின் கூச்சம் எத்தகையது என்பதை அதனினும் தெளிவாய் உணர்த்தும் பயிற்சி எங்கும் இல்லை. மாணவச் செல்வங்களே, உங்கள் முன் தடுமாறும் புதிய ஆசிரியரைக் கண்டால், உள்ளங்கையைப் பிடித்து மூச்சொலி கற்பித்த அம்மாணவனை ஒருகணம் நினைவுகூருங்கள்.

வரும் சூனில் நம் கல்லூரிக்கும் புதியவர் சிலர் பெட்டியோடு வந்து இறங்குவர். 'வீடு கிடைத்ததா?' என்று நாம் எல்லோரும் கேட்போம். இம்முறை கேட்டுவிட்டு வீட்டிற்குப் போய்விடாமல், 'வாருங்கள், பார்த்து வருவோம்' என்று அவரோடு தெருவில் இறங்கி நடப்போமாக. இரண்டு வீட்டில் இல்லையென்றால் மூன்றாம் வீட்டின் கதவையும் தட்டுவோமாக.